அணைந்த பல்பில் இருக்கும் 230 வோல்ட்

(காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் நெசவாளர் குடும்பங்கள், பள்ளி மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள் பள்ளி அறிவியல் புத்தகத்தில் ஓரிரு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிற ஒன்று. மின்தடைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் அவற்றின் வழியே எவ்வளவு மின்னோட்டம் போகும், ஒவ்வொன்றின் குறுக்கேயும் எவ்வளவு மின்னழுத்தம் நிற்கும் என்கிற கணக்கு. புத்தகத்தில் இதற்குத் தொடரிணைப்பு என்று பெயர். தேர்வுக்கு ஒரு கணக்குப் போடுகிறோம், மதிப்பெண் வாங்குகிறோம், அதோடு மறந்துவிடுகிறோம். ஆனால் திருவிழா வந்தால் அதே கணக்கு தெருவெல்லாம் தோரணமாகத் தொங்குகிறது. சீரியல் செட் என்று நாம் சொல்வது அதைத்தான். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருடசேவைக்குக் காஞ்சிபுரம் வீதிகள் எப்படி ஒளிரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. தொடர்ச்சுற்றில் ஓட்டம் எல்லோருக்கும் சமம். அழுத்தம் அப்படி இல்லை, எது அதிகம் தடுக்கிறதோ அதன் மேல்தான் அது போய்க் குவியும். ஆகவே எரியாத பல்பு, விட்டுப்போன ஜாயின்ட், அறுந்த கம்பி என்று எதை நாம் செத்துப்போனதாக நினைக்கிறோமோ, அதன் மேல்தான் முழு அழுத்தமும் காத்திருக்கிறது. இது எனக்குத் தோன்றிய கருத்து என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வருகிற விடை. அந்தக் கணக்கை இன்றைக்கு நாம் எல்லோரும் சேர்ந்து போடப்போகிறோம்.

முதலில் பட்டிலிருந்து தொடங்குகிறேன். பட்டு நெய்கிற ஊரில் மின்சாரத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டு ஸ்டீபன் கிரேவின் பெயரைச் சொல்லாமல் போனால் அது அநியாயம். இங்கிலாந்தில் கான்டர்பரி ஊர்க்காரர். தொழில், சாயம் போடுவது. ஆமாம், துணிக்குச் சாயம் தோய்க்கிற குடும்பத்தில் பிறந்து அதே தொழிலைச் செய்தவர். 1729 ஜூலை மாதத்தில் நண்பர் கிரான்வில் வீலரின் வீட்டில் அவர் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் குழாயைத் தேய்த்தால் அதில் மின்சாரம் உண்டாகும், அது சிறு தகடுகளையும் இறகுகளையும் இழுக்கும் என்பது அப்போதே தெரியும். அந்தச் சக்தி ஒரு கயிற்றின் வழியாக எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசைப்பட்டார்கள். சணல் கயிற்றை நீளமாகக் கட்டவேண்டும், நடுவில் எங்கேயாவது தாங்கி நிறுத்தவேண்டும். பட்டு நூலில் தொங்கவிட்டார்கள். பட்டு மெல்லிசாக இருப்பதால் சக்தி அதன் வழியே அதிகம் கசியாது என்று எண்ணினார்கள். சோதனை அருமையாக நடந்தது. கயிறு நீள நீள, பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. அதற்குப் பதிலாக அதே அளவு மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். அவ்வளவுதான். கண்ணாடியை எவ்வளவு தேய்த்தாலும் கயிற்றின் மறுமுனையில் ஒன்றும் இல்லை.

அந்த நாளில் அவர்களுக்குப் புரிந்தது இதுதான்: நூலின் பருமனால் வந்தது இல்லை, பொருளின் குணத்தால் வந்தது. பட்டு மின்சாரத்தைத் தடுக்கிறது, பித்தளை விட்டுவிடுகிறது. கடத்தி, கடத்தாப்பொருள் என்று இன்றைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்கிற வேறுபாடு பிறந்தது ஒரு சாயக்காரரின் கையில், ஒரு பட்டு நூல் அறுந்தபோது. லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் என்று ஒன்றை ஏற்படுத்தியபோது 1731-இல் அதை முதன்முதலில் பெற்றவர் இந்தக் கிரேதான். காஞ்சிபுரத்துப் புடவையில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. உடல் பட்டு, கரை சரிகை. சரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய, பொன்முலாம் பூசிய வெள்ளி. உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக எளிதாக விடுவது வெள்ளி. இதைத் தாய்மார்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டப வாசலில் சீரியல் விளக்குகள் தொங்குகிற தூணில் சாய்ந்து நிற்கும்போது, பட்டு காப்பாற்றும் என்று நினைத்தால் சரிகை கைவிட்டுவிடும்.

கிரேக்குப் பின்னால் நூறு ஆண்டு, மின்சாரத்தை ஆராய்ந்தவர்கள் பலர், ஆனால் மின்னோட்டத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இல்லை. ஹென்றி காவண்டிஷ் என்ற இங்கிலாந்துக்காரர் உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வழியாக மின்சாரத்தைத் தன் உடம்பில் பாயவிட்டு, எந்தக் குழாயில் அதிர்ச்சி அதிகம், எதில் குறைவு என்று ஒப்பிட்டே ஒரு விதியைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் அளவுகருவி அவர் உடம்பு. ஆனால் அதை வெளியே சொல்லவில்லை. 1879-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அவருடைய கையெழுத்துப் படிகளைப் பதிப்பித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குள் வேறொருவர் அந்த விதிக்கு உரியவராகிவிட்டார்.

அவர் கியோர்க் சைமன் ஓம். 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் பிறந்தவர். அப்பா பூட்டு செய்கிற தொழிலாளி. அதிகம் படிக்காத அந்த அப்பாதான் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார். ஓம் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது இந்த ஆராய்ச்சியைச் செய்தார். 1825-இல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையின் சூத்திரம் சரியாக அமையவில்லை. அக்காலத்து மின்கலங்கள் நிமிடத்துக்கு நிமிடம் தளர்ந்துபோனதால் அளவுகள் நிலைக்கவில்லை. அறிவியல் இதழாசிரியர் போகன்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: மின்கலத்தை விட்டுவிடுங்கள், இரண்டு உலோகங்களின் மூட்டைச் சூடாக்கி மின்சாரம் எடுங்கள். ஓம் பிஸ்மத்தையும் தாமிரத்தையும் சேர்த்தார். ஒரு மூட்டு கொதிநீரில், மறு மூட்டு பனிக்கட்டியில். கொதிநீரும் பனிக்கட்டியும் வெப்பநிலை மாறாதவை, ஆகவே மின்சாரமும் மாறவில்லை. பிறகு வெவ்வேறு நீளமுள்ள தாமிரக் கம்பிகளை ஒவ்வொன்றாக நடுவில் வைத்து அளந்தார்.

அவர் கண்ட சூத்திரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நாம் பள்ளியில் படிக்கிற வடிவத்தில் அவர் அதை எழுதவில்லை. மேலே ஓர் எண், அது கருவி தரும் உந்துவிசை. கீழே இரண்டின் கூட்டல்: கருவிக்கு உள்ளேயே இருக்கிற மாறாத ஒரு தடை, அதோடு சோதிக்கிற கம்பியின் நீளம். மேலே உள்ளதைக் கீழே உள்ள கூட்டலால் வகுத்தால் மின்னோட்டம். பார்த்தீர்களா? ஓம் விதி பிறந்தபோதே அதற்குள் கூட்டல் இருந்தது. தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் கூட்டிக்கொள் என்பது பின்னால் யாரோ கட்டிய இணைப்பு அல்ல, விதியின் உடம்பே அதுதான். 1827-இல் அவர் நூலாக எழுதினார். ஜெர்மனியில் வரவேற்பு இல்லை, மனம் நொந்து கொலோன் வேலையை விட்டார். 1841-இல் அவருக்கும் அதே காப்ளி பதக்கம் வந்தது. சாயக்காரருக்குக் கிடைத்த பதக்கம் பூட்டுக்காரர் மகனுக்கும் கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். கையால் வேலை செய்கிற குடும்பங்கள் நிரம்பிய இந்த ஊரில் அதைச் சொல்லாமல் எங்கே போய்ச் சொல்வேன்?

இப்போது கணக்கு. ஓட்டம் ஏன் எங்கும் ஒன்றாக இருக்கிறது? பல மாணவர்கள் நினைப்பது, முதல் தடையில் கொஞ்சம் கரண்ட் செலவாகிவிடும், மிச்சம் அடுத்ததற்குப் போகும் என்று. அது தவறு. ராட்டையில் பட்டு சுற்றுகிற அம்மாவைக் கேளுங்கள். இழை மூன்று வளையங்கள் வழியாக வந்து கண்டில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வளையம் வழுவழுப்பு, ஒன்று சொரசொரப்பு, ஒன்று நடுத்தரம். முதல் வளையத்தில் ஒரு நிமிடத்துக்குப் பத்து முழம் இழை போனால், கடைசி வளையத்திலும் அதே பத்து முழம்தான் போகும். நடுவில் இழை தேங்குவதற்கு இடமில்லை. ஆனால் இழுக்கிற விசை? சொரசொரப்பான வளையம்தான் அதிக விசையைத் தின்னும். இழையின் வேகம் மின்னோட்டம், வளையம் தின்கிற விசை மின்னழுத்தம். மூன்று வளையமும் தின்றதைக் கூட்டினால் கை கொடுத்த விசை வந்துவிடும். வளையம் ஒன்றைக் கூட்டினால் எல்லா இடத்திலும் இழை மெதுவாகும், அந்த ஒரு வளையத்தில் மட்டும் அல்ல.

மேசைமேல் ஒரு 9 வோல்ட் மின்கலமும் மூன்று மின்தடைகளும் இருக்கின்றன. 100 ஓம், 200 ஓம், 150 ஓம். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருக்கிறேன். கூட்டுங்கள்: 450 ஓம். 9-ஐ 450-ஆல் வகுங்கள்: 0.02 ஆம்பியர், அதாவது 20 மில்லி ஆம்பியர். இதுதான் மூன்றிலும் ஓடுகிற ஓட்டம். இனி ஒவ்வொன்றின் தடையையும் இந்த 0.02-ஆல் பெருக்குங்கள். 100 ஓமின் மேல் 2 வோல்ட், 200 ஓமின் மேல் 4 வோல்ட், 150 ஓமின் மேல் 3 வோல்ட். மூன்றையும் கூட்டினால் 9. கூட்டல் திரும்பி வரவில்லை என்றால் எங்கோ கணக்கு பிசகியிருக்கிறது என்று பொருள். அழுத்தங்களின் கூட்டல் மூலத்துக்குச் சமமாக வரவேண்டும் என்பதைப் பொதுவிதியாக 1845-இல் எழுதியவர் குஸ்தாவ் கிர்க்காஃப். அப்போது அவர் கல்லூரி மாணவர், வயது 21.

மாணவர்கள் அவசரத்தில் செய்கிற ஒரு தவறு உண்டு. 9 வோல்ட்டை நேரே 100-ஆல் வகுத்து, 100 ஓமில் 90 மில்லி ஆம்பியர் என்று எழுதிவிடுவார்கள். ஒரு தடையின் ஓட்டத்தைக் கண்டுபிடிக்க அந்தத் தடையின் குறுக்கே உள்ள அழுத்தம் வேண்டும், மொத்த அழுத்தம் அல்ல. முதலில் கூட்டு, பிறகு வகு, கடைசியில் பெருக்கு. இந்த வரிசை மாறக்கூடாது.

இனி சீரியல் செட்டுக்கு வருவோம். எல்.இ.டி. வருவதற்கு முன்னால் இருந்த, இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கிற, டங்ஸ்டன் இழை பல்புத் தோரணத்தை எடுத்துக்கொள்கிறேன். 6 வோல்ட் பல்புகள் 40, ஒன்றன்பின் ஒன்று. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 230-ஐ 40-ஆல் வகுத்தால் ஒவ்வொரு பல்புக்கும் 5.75 வோல்ட். அதனால்தான் 6 வோல்ட் பல்பு 230 வோல்ட்டில் புகைந்துபோகாமல் எரிகிறது. எரியும்போது ஒரு பல்பின் தடை 57.5 ஓம் என்று கொள்ளுங்கள். நாற்பதுக்கும் சேர்த்து 2300 ஓம். ஓட்டம் 0.1 ஆம்பியர். மொத்தத் திறன் 23 வாட். (இது மாறுமின்சாரம் ஆயிற்றே என்று ஒரு மாணவர் கேட்கலாம். தடைகள் மட்டுமே உள்ள சுற்றில் இதே கணக்கு அப்படியே செல்லும்.)

இப்போது ஒரு பல்பின் இழை அறுந்துபோகிறது. தோரணம் முழுவதும் அணைகிறது. எது போன பல்பு என்று தெரியவில்லை. ஒருவர் ஏணியில் ஏறி, பிளக்கைப் பிடுங்காமலேயே ஒவ்வொரு பல்பாகத் தொட்டு, அசைத்துப் பார்க்கிறார். இதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். விளக்கு எரியவில்லை, ஆகவே கரண்ட் இல்லை, ஆகவே பயமில்லை என்பது அவர் கணக்கு.

சரியான கணக்கைப் போடுவோம். சுற்று அறுந்துவிட்டது, ஓட்டம் பூஜ்யம். நல்ல பல்பு ஒன்றின் குறுக்கே அழுத்தம் எவ்வளவு? 57.5 பெருக்கல் பூஜ்யம், அதாவது பூஜ்யம். 39 நல்ல பல்புகளும் சேர்ந்து எடுத்துக்கொள்வது பூஜ்யம் வோல்ட். கூட்டல் 230 வரவேண்டுமே, அந்த 230 எங்கே போயிற்று? முழுவதும் அந்த ஒரு போன பல்பின் இரண்டு முனைகளுக்கு நடுவே நிற்கிறது. எரிந்துகொண்டிருந்தபோது அதன் மேல் இருந்தது 5.75 வோல்ட். அணைந்த பிறகு 230. தோரணத்திலேயே மிக ஆபத்தான இடம் எது என்று கேட்டால், இருட்டாக இருக்கிற அந்த ஒரு பல்புதான்.

அவர் விரல்கள் அந்த ஹோல்டரின் இரண்டு கம்பிகளையும் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? அறுந்த பல்பின் இடத்தில் இப்போது அவர் உடம்பு தொடரில் சேர்ந்துவிட்டது. மனித உடம்பின் தடை தோலின் ஈரத்தைப் பொறுத்து மிகவும் மாறும். கணக்குக்காக 2000 ஓம் என்று வைப்போம். மற்ற 39 பல்புகளின் தடை 2242.5. கூட்டினால் 4242.5. ஓட்டம் 54 மில்லி ஆம்பியர். இது அவருக்குச் சாதகமாகப் போட்ட கணக்கு. உண்மையில் குளிர்ந்த பல்பு இழையின் தடை எரியும் இழையைவிடப் பல மடங்கு குறைவு, ஆகவே ஓட்டம் இன்னும் கூடும். வீட்டில் கசிவு மின்சாரத்தைக் கண்டு தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எந்த அளவில் துண்டிக்கும்படி வைக்கப்படுகிறது தெரியுமா? 30 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் உயிருக்கு ஆபத்து என்பதால்.

இதற்குள் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஆர்.சி.சி.பி. இருக்கிறது, காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஃபேஸில் போன ஓட்டமும் நியூட்ரலில் திரும்பிய ஓட்டமும் ஒன்றாக இல்லாதபோதுதான் அந்தக் கருவி துண்டிக்கும். உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தால் வித்தியாசம் தெரியும், துண்டித்துவிடும். ஆனால் காய்ந்த மர ஏணியில் நிற்கிறவரின் ஒரு விரலில் நுழைந்து மறு விரலில் வெளியேறி, தொடர் வழியாகவே நியூட்ரலுக்குத் திரும்பினால், போனதும் வந்ததும் சமம். தொடர்ச்சுற்றில் ஓட்டம் எங்கும் ஒன்று என்ற அதே விதி இங்கே நமக்கு எதிராக நிற்கிறது. கருவியின் கண்ணுக்கு அந்த மனிதர் இன்னொரு பல்பு. ஆகவே பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொடவேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் போடப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் அறுந்த பல்பு வரை தோரணத்தில் ஃபேஸ் நிற்கும்.

வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் தோரணங்களில் இதே உண்மையை நன்மைக்குத் திருப்பியிருக்கிறார்கள். பல்புக்குள் இழைக்குக் கீழே, மேற்பரப்பில் ஆக்சைடு படிந்த மெல்லிய கம்பி ஒன்றைச் சுற்றிவைப்பார்கள். பல்பு எரியும்போது சில வோல்ட் மட்டுமே இருப்பதால் ஆக்சைடு தடுத்து நிற்கும். இழை அறுந்த கணத்தில் முழு மின்னழுத்தமும் அங்கே குவிகிறதல்லவா, அந்த அழுத்தமே ஆக்சைடைத் துளைத்து வழி உண்டாக்கிவிடும். ஒரு பல்பு போனாலும் தோரணம் எரியும்.

நம் ஊரில் அதைக் கையால் செய்கிறோம். போன பல்பை எடுத்துவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கி விடுகிறோம். ஒன்று, இரண்டு, நான்கு என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் குறைத்துக்கொண்டே போகிறோம். 40 பல்பு 36 ஆனால் ஒவ்வொன்றின் மேலும் 6.39 வோல்ட். சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் திறன் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்வதால், தடை மாறவில்லை என்று கொண்டால் ஒரு பல்பின் வெப்பம் 23 சதவீதம் கூடுகிறது. டங்ஸ்டன் இழையின் ஆயுள் இதைவிட வேகமாகச் சரியும், மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதனால்தான் பழுதுபார்த்த தோரணத்தில் பல்புகள் அடுத்தடுத்துப் போகின்றன. புது பல்பு மட்டம் என்று கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை.

எல்.இ.டி. பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்.இ.டி. ஓம் விதிக்குக் கட்டுப்பட்ட தடை அல்ல. வெள்ளை எல்.இ.டி. ஏறக்குறைய 3.2 வோல்ட்டைத் தன் பங்காக எடுத்துக்கொள்ளும், அதற்கு மேல் அழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் ஓட்டம் கட்டுக்கடங்காமல் பாயும். அதனால் கூடவே ஒரு மின்தடையைத் தொடரில் போடுகிறார்கள். 12 வோல்ட்டில் மூன்று எல்.இ.டி. என்றால் அவற்றின் பங்கு 9.6, மிச்சம் 2.4 வோல்ட். 20 மில்லி ஆம்பியர் போதும் என்றால் 2.4-ஐ 0.02-ஆல் வகுக்கவேண்டும், 120 ஓம். பசை தடவிய எல்.இ.டி. பட்டையை மூன்று மூன்றாகத்தான் வெட்டமுடியும் என்று கடைக்காரர் சொல்வது இதனால்தான்.

எனக்கு மிகுந்த கவலை தருவது விளக்கு அல்ல, விளக்குக்குப் போகிற ஒயர். ஒயருக்கும் தடை உண்டு, அதுவும் தொடரில்தான் நிற்கிறது என்பதை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. விழாப் பந்தலுக்கு 100 மீட்டர் தள்ளியிருக்கிற வீட்டிலிருந்து இணைப்பு எடுக்கிறோம். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர். போக 100, வர 100, ஆக 200 மீட்டர். அதன் தடை 2.3 ஓம். பந்தலில் ஃபோகஸ் விளக்குகள் எல்லாம் சேர்த்து 2300 வாட், அதாவது 23 ஓம். கூட்டினால் 25.3. ஓட்டம் ஏறக்குறைய 9.1 ஆம்பியர். ஒயர் தின்பது 21 வோல்ட். பந்தலுக்குக் கிடைப்பது 209. விளக்கு மங்குகிறது, ஆம்ப்ளிஃபயர் இரைகிறது. ஒயர் முழுவதிலும் 190 வாட் வெப்பமாகிறது. நீளத்தில் பரவியிருப்பதால் அது கைக்குத் தெரியாது.

ஆனால் நடுவில் ஒரு ஜாயின்ட். மேல்தோலைப் பல்லால் கடித்து உரித்து, இரண்டு முறுக்கு முறுக்கி, டேப் சுற்றியது. மழை பட்டுக் களிம்பு பிடித்து அதன் தடை 1 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். ஒரே ஓர் ஓம். மொத்தம் 26.3, ஓட்டம் 8.75 ஆம்பியர். அந்த மூட்டில் மட்டும் உண்டாகும் வெப்பம் 76 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். கட்டைவிரல் அளவு டேப்புக்குள் மூன்று சால்டரிங் அயர்ன்! ஃபியூஸ் போகுமா என்றால் போகாது, ஓட்டம் கூடவில்லை, குறைந்துதான் இருக்கிறது. ஓட்டம் கூடினால்தான் துண்டிக்கும் எம்.சி.பி.யும் இதைப் பார்க்காது. ஓலைப் பந்தலும் சாமியானா துணியும் இப்படித்தான் பற்றிக்கொள்கின்றன. பற்றினால் திரும்பப் பெறமுடியாதவை நம் ஊரிலேயே உண்டு. இந்த ஊரின் திரைலோக்கியநாதர் கோயில் சங்கீத மண்டபத்தை விஜயநகர அரசின் தண்டநாயகர் இருகப்பர் 1387-88-இல் கட்டினார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட விதானம் எந்தக் கோயிலில் இருந்தாலும் அதற்குக் கீழே தற்காலிக ஒயரை இழுக்கிறவர், மூட்டே இல்லாத முழுநீள ஒயராக இழுக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நாம் இழுக்கிற ஒயர் மட்டும் அல்ல, வீதியில் போகிற கம்பியும் இதே கணக்கில் வரும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் மேல்பாகம் உயர் அழுத்த மின்கம்பியைத் தொட்டது. பதினொரு பேர் இறந்தார்கள், அவர்களில் சிறுவர்களும் உண்டு. அங்கே உருவானதும் ஒரு தொடர்ச்சுற்றுதான்: கம்பி, தேர், தேரைப் பிடித்திருந்த உடம்புகள், தரை. வீட்டு மின்சாரத்துக்கே 2000 ஓம் உடம்பு போதாது என்று இப்போது பார்த்தோம். ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு முன்னால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. தேர் அலங்காரத்தின் உயரத்தையும் வீதிக் கம்பியின் உயரத்தையும் முன்கூட்டியே அளப்பதும், தேர் நகர்கிற நேரத்தில் மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்வதும் மட்டுமே வழி.

தொடரிணைப்பு ஆபத்து மட்டும்தானா? இல்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கிற டெஸ்டர் இதே கணக்கால்தான் உங்களைக் காப்பாற்றுகிறது. டெஸ்டரின் உள்ளே சின்ன நியான் விளக்கு, அதோடு தொடரில் பத்து லட்சம் ஓம் அளவில் ஒரு மின்தடை. ஃபேஸில் முனையை வைத்து மறுமுனையில் விரலை வைக்கும்போது உங்கள் உடம்பு மூன்றாவது ஆளாகத் தொடரில் சேர்கிறது. நியானின் பங்கை விட்டுவிட்டே கணக்குப் போடுங்கள்: 230-ஐ 10,02,000-ஆல் வகுத்தால் 0.23 மில்லி ஆம்பியர். உங்கள் 2000 ஓம் உடம்பின் மேல் விழுவது அரை வோல்ட்டுக்கும் குறைவு. மீதி முழுவதையும் அந்தச் சின்னத் தடை தன் மேல் வாங்கிக்கொள்கிறது. டெஸ்டரைக் கழற்றி ஸ்பிரிங்கைத் தொலைத்துவிட்டு, உள்ளே வெள்ளித்தாளைத் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிங்குக்குப் பதில் தாள் இருந்தால் பரவாயில்லை, மின்தடைக்குப் பதில் தாள் இருந்தால் உயிர் போகும். விரிசல் விட்ட டெஸ்டரையும் தண்ணீரில் விழுந்த டெஸ்டரையும் தூக்கிப் போடுங்கள்.

மோட்டார், மிக்ஸி பழுதுபார்க்கும் கடைகளில் சீரிஸ் போர்டு என்று ஒன்று இருக்கும். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு, பழுதான சாமானுக்கு மின்சாரம் கொடுப்பார்கள். எரியும்போது அந்தப் பல்பின் தடை 529 ஓம். சாமானுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால் 230 வோல்ட்டும் பல்பின் மேல் விழும், பல்பு பளிச்சென்று எரியும், ஓட்டம் 0.43 ஆம்பியரைத் தாண்டாது, ஃபியூஸ் போகாது. பல்பு மங்கலாக எரிந்தால் அழுத்தம் இருவருக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. எரியவே இல்லை என்றால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு சூத்திரமும் எழுதாமல், பல்பின் வெளிச்சத்தை வைத்தே அந்த மெக்கானிக் மின்னழுத்தப் பங்கீட்டைப் படிக்கிறார். தார் சுற்றுகிற சின்ன மோட்டாரை வாங்கிவைத்திருக்கும் வீடுகளில் பழுதென்றால், நேரே பிளக்கில் சொருகிப் பார்க்காமல் அவரிடம் கொண்டுபோங்கள்.

இப்போது மாணவர்கள் மேசைக்கு வரலாம். மல்டிமீட்டர் இரண்டு இருக்கின்றன. 100 ஓம் தடையில் பழுப்பு, கருப்பு, பழுப்பு என்று மூன்று வண்ணப் பட்டைகளும் தள்ளி ஒரு தங்க நிறப் பட்டையும் இருக்கும். அந்தத் தங்கப் பட்டைக்கு, எழுதிய மதிப்பிலிருந்து 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பொருள். ஆகவே 2 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 1.93 வந்தால் கலங்காதீர்கள். மூன்று அளவுகளையும் கூட்டினால் மின்கலத்தின் முனைகளில் அளந்த மதிப்பு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அது சரியாகவே வரும். முனைகளில் அளந்தது 9 வோல்ட்டாக இருக்காது, சுற்றை இணைத்ததும் 8.8 என்று இறங்கியிருக்கலாம். ஓம் தன் சூத்திரத்தில் கம்பியின் நீளத்தோடு கூட்டிவைத்தாரே, கருவிக்குள் இருக்கிற மாறாத தடை, அது இந்த மின்கலத்துக்குள்ளும் இருக்கிறது. நான்காவது தடை அது. 8.8-ஐ 450-ஆல் வகுத்து ஓட்டத்தைக் கண்டுபிடியுங்கள். காணாமல்போன 0.2 வோல்ட்டை அந்த ஓட்டத்தால் வகுங்கள். 10 ஓமை ஒட்டி வரும். பிறகு பெட்டியில் இருக்கிற பழைய மின்கலத்தைப் போட்டு அதே கணக்கைச் செய்து, அதன் உள்தடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.